அறிவியல் சங்கத்தின் வாசலும் தராசும்

அந்தமான் தலைநகரை ஒட்டி, ஒரு பாலத்தால் அதனோடு இணைக்கப்பட்டு, கடலில் கிடக்கும் சிறு தீவு சாத்தம். தலைநகரம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கிப் பின் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சாத்தத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டு நிற்பது 1883-இல் நிறுவப்பெற்ற மரம் அறுக்கும் ஆலை. வனத்துறைக்கு உரிய இவ்வாலையின் வளாகத்தில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளம் இன்றும் காணப்படுகிறது. படாக் முதலிய மரங்களின் வகைகளையும் அவற்றால் ஆன பொருள்களையும் காட்டும் காட்சிசாலை ஒன்றும் அங்குண்டு.

இத்தீவில் மாலை வேளைகளில் கூடிப் பேசும் நண்பர் சிலர், சில காலத்திற்கு முன் ஓர் எண்ணம் கொண்டனர். ஓர் அறிவியல் சங்கம் அமைக்க வேண்டும். கடலின் ஏற்றவற்றம், மழை, பறவை, மரம் ஆகியவற்றை உறுப்பினர் குறித்து வரவேண்டும். மாதம் ஒருமுறை கூடி அக்குறிப்புகளை ஆராய வேண்டும் என்பதே அது. மொழிபெயர்ப்பு நம் தொழில் ஆதலால், சங்க விதிகளைத் தமிழில் எழுதித் தரும் பணி நம்மிடம் வந்தது. முதல் விதியிலேயே பேனா நின்றுவிட்டது. 'அறிவியலில் பட்டம் பெற்றோர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம்' என்று அதில் கண்டிருந்தது. இவ்விதியின்படி, அறுத்த மரத்தின் மணத்தையும் தூளின் நிறத்தையும் கொண்டே அதன் வகையைச் சொல்லிவிடும் ஆலைத் தொழிலாளி சங்கத்திற்கு வெளியே நிற்பார். துறைமுகத் தூணில் நீர் ஏறியிறங்கும் அளவை ஆண்டுக்கணக்காகக் கண்டறிந்த படகோட்டியும் வெளியே நிற்பார். கலைப் பட்டதாரியாகிய நாமும், நாமே எழுதிய விதியால், அவர்களோடு வெளியே நிற்க வேண்டியதுதான்!

அறிவியல் சங்கத்தில் யார் யாரைச் சேர்ப்பது, சேர்ந்தவர்கள் சங்கத்தை எவ்வாறு ஆள்வது என்னும் வினாக்கள் சிறு தீவின் மாலைக் கூட்டத்திற்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டின் பெரிய சங்கங்களும் இவற்றை எதிர்கொண்டுள்ளன. நல்ல விடை கண்ட சங்கம் ஒரு மேதையைக் கண்டெடுத்துள்ளது. விடை காணத் தவறிய சங்கம் ஒரு மேதையை இழந்துள்ளது. அவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அறிந்துகொண்டால், நம் விதியைத் திருத்துவது எளிதாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். அறிவியல் அமைப்புகள் இருவகைப்படும். ஒன்று, தகுதி மிக்கோரைத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தும் பேரவை. மற்றொன்று, ஆர்வமுடையோர் சந்தா செலுத்திச் சேரும் சங்கம். 1660-இல் தோன்றிய இலண்டன் ராயல் சொசைட்டி முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பட்டியலில் ஆய்வாளரைக் காட்டிலும் பிரபுக்களும் செல்வர்களுமே மிகுந்திருந்தனர். அதனால் 1847-இல் விதிகள் திருத்தப்பெற்று, ஆண்டுக்குப் பதினைவரே, அதுவும் அறிவியல் தகுதி பற்றியே, தேர்ந்தெடுக்கப்படலாயினர். வாசலைக் குறுக்கியது அங்குப் பொருத்தமே. ஆயினும் குறுகிய வாசல் எப்போதும் தகுதியை மட்டுமே அளப்பதில்லை. 1902-இல் ஹெர்தா ஏர்ட்டன் என்னும் அம்மையார் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்னும் காரணத்தால் அவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தராது என்று கூறிவிட்டனர். பெண்டிர் முதன்முதலாக அப்பேரவையில் இடம்பெற்றது 1945-இல்தான். நம் நாட்டிலோ, சென்னையில் கல்வி பயின்று கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலார் ஜானகி அம்மாளை, பெங்களூரில் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் 1935-ஆம் ஆண்டிலேயே உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பேரவைக்கு உரிய குறுகிய வாசலைச் சங்கத்திற்கு வைப்பதும், சங்கத்திற்கு உரிய அகன்ற வாசலைப் பேரவைக்கு வைப்பதும் தவறு. ஆகவே, 'யார் உறுப்பினர்' என்று கேட்பதற்கு முன், 'எதற்காகச் சங்கம்' என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இனி, நல்விடை கண்ட சங்கத்தின் வரலாற்றைக் காண்போம். 1907-ஆம் ஆண்டில் வி. இராமசாமி ஐயர் என்னும் டெபுடி கலெக்டர் ஒருவர், கணிதத்தில் ஈடுபாடு கொண்ட நண்பர்களைக் கடிதங்கள் வாயிலாக ஒன்றுதிரட்டி ஒரு கழகம் அமைத்தார். தொடக்கத்தில் அதில் இருந்தோர் இருபதின்மர். அக்காலத்தில் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் வெளிநாட்டுக் கணித இதழ்கள் கிடைப்பதில்லை. தனியொருவர் வாங்குவதற்கோ பொருள் போதாது. எனவே, கழகம் பொதுவில் இதழ்களை வாங்கி, தபால் மூலம் உறுப்பினரிடையே சுற்றுக்கு விட்டது. நூலகம் பூனாவிலுள்ள ஃபெர்குசன் கல்லூரியில் அமைந்தது. 1909-இல் சொந்த இதழும் தொடங்கப்பெற்றது. இக்கழகமே பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் என்னும் பெயர் பூண்டது.

இச்சங்கத்தை நிறுவியவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். வருவாய்த்துறை அலுவலர் என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். பகலில் நிலவரிக் கோப்புகளைப் பார்த்தவர் இரவில் வடிவகணிதம் பயின்றார். கல்லூரி ஆசிரியரும் அரசாங்க அலுவலரும் அச்சங்கத்தில் ஒரே வரிசையில் அமர்ந்தனர். அதனால் விளைந்த நன்மை யாது?

1910-ஆம் ஆண்டில், இராமசாமி ஐயர் திருக்கோவலூரில் அலுவல் பார்த்திருந்தபோது, கும்பகோணத்து இளைஞர் ஒருவர் தம் நோட்டுப்புத்தகத்தோடு அவரை நாடி வந்தார். கல்லூரித் தேர்வில் தவறியவர். கையில் பட்டம் இல்லை. வேண்டியது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் அமர்த்தி நசுக்குவது தகாது என எண்ணி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்விளைஞரே சீனிவாச இராமாநுஜன். கடிதங்களின் வழியாக அவர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவைச் சென்றடைந்தார். அவரும் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவரே. அவர் தம் பொருளிலிருந்து மாதந்தோறும் உதவினார். 1912 மார்ச்சு முதல் நாளில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இராமாநுஜன் எழுத்தராக அமர்ந்தபோது, அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அச்சங்கத்தவர். ஒரு டெபுடி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு துறைமுக அலுவலர் ஆகிய மூவரும் சங்கம் என்னும் ஒரு நூலால் கோக்கப்பட்டிராவிடில், அந்த நோட்டுப்புத்தகம் எந்தப் பரணில் மறைந்திருக்குமோ!

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. வாசல் அகன்றிருந்ததே அன்றி, தராசு சாய்ந்திருக்கவில்லை. 1911-இல் பெர்னூலி எண்களைப் பற்றி இராமாநுஜன் எழுதிய முதற் கட்டுரை சங்க இதழில் வெளிவந்தது. எழுதிய வண்ணமே அது வெளிவந்துவிடவில்லை. இராமாநுஜனின் நடை மிகச் சுருங்கியது. இடைப்படிகளை விட்டுத் தாவிச் செல்வது. இதழாசிரியர் நாரணையங்கார் கட்டுரையைத் திருப்பியனுப்பித் திருத்தி வாங்கிய பின்னரே அச்சேற்றினார். பட்டம் இல்லை என்பதற்காக அவர் கட்டுரையை ஒதுக்கவில்லை. மேதை என்பதற்காகத் தளர்த்தவும் இல்லை. சேர்வதற்கு எளிமை, வெளியிடுவதற்குக் கண்டிப்பு என்னும் இவ்விரண்டும் ஒன்றாக நிற்க முடியும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஏழே ஆண்டுகள் கழித்து, 1918-இல், இராமாநுஜன் ராயல் சொசைட்டியின் குறுகிய வாசலுக்குள் புகுந்தார். அகன்ற வாசல் ஒன்று முன்னே திறந்திராவிடில் குறுகிய வாசலை அவர் எட்டியிருத்தல் அரிது.

இனி மற்றொரு சங்கத்தைக் காண்போம். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், இந்தியர் தாமே நடத்தி, தாமே ஆராயும் ஓர் அறிவியல் நிலையம் வேண்டும் என்று 1869 முதல் எழுதியும் பேசியும் வந்தார். மக்கள் அளித்த நன்கொடைகளைக் கொண்டு 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் பௌபஜார் வீதியில் எழுந்தது. கட்டடம் எழுந்தது, விரிவுரைகள் நடந்தன. எனினும், நிலையான ஆய்வாளரை அமர்த்தத் தக்க பொருள் திரளவில்லை. தம் நாட்டுச் செல்வர் போதிய அக்கறை காட்டவில்லை என்னும் வருத்தத்தோடே 1904-இல் சர்க்கார் மறைந்தார். அவருக்குப் பின் அவர் மகன் அமிர்தலால் சங்கத்தைக் காத்து வந்தார்.

1907-இல் கல்கத்தாவிற்குக் கணக்குத்துறை அதிகாரியாக வந்த இளைஞர் ஒருவர், டிராம் வண்டியிலிருந்து அச்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். கதவு திறந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன் என்னும் அவ்விளைஞருக்கு அமிர்தலால் ஆய்வுக்கூடத்தையே ஒப்படைத்தார். அலுவலகத்திற்குச் செல்லும் முன்னும், திரும்பிய பின்னும் அங்கே ஆய்வு நடந்தது. பல்கலைக்கழகத்தைச் சாராதவர், கணக்குத்துறை ஊழியர் என்று கருதி அன்று கதவை அடைத்திருந்தால், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் அக்கூடத்தில் கண்டறியப்பட்ட ஒளிச்சிதறல் உண்மை எங்கே கண்டறியப்பட்டிருக்கும் என்று யார் சொல்ல வல்லார்? அந்த ஆய்வில் அவருக்குத் துணை நின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கத்தின் பெயர் உலகெங்கும் பரவியது.

1919-இல் அமிர்தலால் மறைந்தபின் இராமனே சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஆகியிருந்தார். ஆய்வில் அவர் பெற்ற வெற்றி பெரிது. ஆனால் ஒருவரே பல்லாண்டுகள் ஒரு சங்கத்தின் உயிராக விளங்கும்போது, அவர் விருப்பமே விதியென்னும் எண்ணம் பிறரிடையே தோன்றுதல் இயல்பு. வங்கத்து மக்களின் நன்கொடையால் எழுந்த நிலையம் வங்கத்து இளைஞர்க்குப் போதிய இடம் தரவில்லை என்னும் குறை எழுந்தது. தகுதி நோக்கியே இடம் தரப்படுகிறது என்பது மறுதரப்பின் விடை. 1933-இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தின் இயக்குநராகச் சென்றார். அப்போதும் சங்கத்தின் ஆட்சி யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றிய பூசல் தணியவில்லை. 1934-இல் எதிர்த்தரப்பினர் புதிய உறுப்பினர் பலரைச் சேர்த்துப் பொதுக்கூட்டத்திற்கு வந்தனர். வாக்கெடுப்பில் இராமன் தரப்புத் தோற்றது. தாம் உலகப்புகழ் தேடித்தந்த சங்கத்திலிருந்து அவர் விலகினார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. இரு தரப்பிலும் நாட்டின் அறிவியலுக்குப் பெருந்தொண்டு செய்தோர் இருந்தனர். எதிர்த்தரப்பில் இருந்த மேகநாத சாகா, பிற்காலத்தில் அச்சங்கத்தை ஜாதவ்பூரில் விரிவாக்கி வளர்த்தவர். மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியில் இருந்த கிருஷ்ணனோ, பூசலுக்குப் பின்னும் 1942 வரை அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். நாம் நோக்க வேண்டுவது வேறு. வாக்கெடுப்பு நாளை எதிர்நோக்கிச் சேர்ந்த புதியவரின் வாக்கும், பல்லாண்டு உழைத்தவரின் வாக்கும் அன்று ஒரே நிறையாயின. அவ்வாறு நேருமுன் ஆட்சியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் அங்கு வேரூன்றியிருக்கவில்லை. உறுப்பினரைப் பெருக்குதல் நன்றே. ஆனால் பெருக்கம் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக நிகழாமல், ஒரு சண்டையின் ஆயுதமாக ஒரே நாளில் நிகழுமாயின், அது வெள்ளமாகவே வந்து கரையை உடைக்கும்.

அதன் விளைவு கல்கத்தாவோடு நிற்கவில்லை. அலகாபாத்தில் 1930-இல் ஒரு பேரவை தோன்றியிருந்தது. 1934-இல் இராமன் பெங்களூரில் மற்றொன்றை நிறுவினார். 1935-இல் கல்கத்தாவில் மூன்றாவது எழுந்து, பின்னர் தில்லிக்குச் சென்றது. இவை மூன்றும் பிரிந்து தோன்றியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒரே மேசையைச் சுற்றி அமரும் முறையை அக்காலத்து அறிஞர் கண்டிருந்தால், ஏனைய நாடுகளைப் போல் நமக்கும் ஒரே தேசியப் பேரவை அமைந்திருக்கலாம். இன்றும் மூன்றும் தனித்தனியே இயங்குகின்றன.

பெருந்திரளான மக்களைக் கொண்டும் பெரும்பணி செய்ய இயலும் என்பதற்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சான்றாகும். சாத்தத்து ஆலை எழுந்த அதே 1883-ஆம் ஆண்டில், செப்டம்பர் 15-ஆம் நாள், எண்மர் கூடி அச்சங்கத்தை அமைத்தனர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் இருவர் இந்திய மருத்துவர்கள். சங்கம் அதன் இளமையில் இயங்கியது, செயலாளராக இருந்த ஃபிப்சன் என்பவரின் மதுக்கடைக் கட்டடத்தில்! வேட்டையாடுவோர், தோட்ட முதலாளிகள், படைவீரர், வன அலுவலர் என யாவரும் சேரலாம். எவரும் தாம் கண்ட பறவையையும் பாம்பையும் பற்றி எழுதியனுப்பலாம். இதழாசிரியர் ஆராய்ந்து வெளியிடுவார். 1908-இல் தாம் சுட்ட சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பது கண்டு, இன்னதென்று அறிய அங்கே வந்தான் ஒரு சிறுவன். செயலாளர் மில்லர்டு அவனைத் துரத்தாமல், சங்கத்தின் பறவைத் தொகுதியைத் திறந்து காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் நாடு போற்றிய பறவையியலார் சாலிம் அலி.

இத்தீவுகளுக்கும் அச்சங்கத்திற்கும் தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமானில் பணியாற்றிய ஆஸ்மாஸ்டன் என்னும் வன அலுவலர், இங்குள்ள பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அதன் இதழில் எழுதினார். 1960-களில் ஹுமாயூன் அப்துலாலி என்னும் சங்கத்தவர் இங்கு வந்து ஆய்ந்து, அந்தமான் நிக்கோபார்ப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இவருள் எவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்.

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் கருத்தை நம் நாட்டு உவமை ஒன்றால் விளக்கலாம். திருவிழாவில் தேரின் வடத்தை ஆயிரம் பேர் பிடிப்பர். தேர் திரும்ப வேண்டிய மூலையில் அதைத் திருப்புவோர், சக்கரத்தருகே முட்டுக்கட்டை இடும் சிலரே. வடம் பிடிப்போர் குறைந்தால் தேர் நகராது; முட்டுக்கட்டை இடுவோர் இல்லையேல் தேர் வீட்டுச் சுவரில் மோதும். வடம் பிடிப்போரே முட்டுக்கட்டை இடவும் கற்றுக்கொண்டு, முறை வைத்து அப்பணியை ஏற்பார்களாயின், ஆண்டுதோறும் தேர் நிலைக்கு வந்து சேரும்.

இனி, செயல்முறைக்கு வருவோம். நம் நாட்டில் 1860-இல் இயற்றப்பட்ட சங்கப் பதிவுச் சட்டம், எழுவர் கூடினாலே ஓர் அறிவியல் சங்கத்தைப் பதிவு செய்ய இடம் தருகிறது. ஆண்டுதோறும் ஆட்சிக்குழுவினர் பட்டியலைப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். மூன்று மாதத்திற்கு மேல் சந்தா நிலுவை வைத்தவர் வாக்களிக்க முடியாது. சங்கத்தின் நோக்கத்தை மாற்றுவதாயின், முன்னறிவிப்புத் தந்து, ஐந்தில் மூன்று பங்கினர் உடன்பட்டு, ஒரு மாத இடைவெளிக்குப் பின் இரண்டாம் கூட்டத்திலும் உறுதி செய்தல் வேண்டும். அவசரத்தில் எடுத்த முடிவு ஆறிய மனத்தோடு மீண்டும் பார்க்கப்பட வேண்டும் என்பதே இதன் கருத்து. சங்கம் கலைக்கப்பட்டாலும் அதன் உடைமையை உறுப்பினர் பங்கிட்டுக்கொள்ள இயலாது.

சட்டம் கூறுவன எல்லைக்கற்களே. அவற்றிற்கு இடைப்பட்ட நிலத்தைச் சங்கமே உழுது பயிரிட வேண்டும். முதலாவதாக, சேர்வதற்கும் வாக்களிப்பதற்கும் இடையே ஒரு காலம் வேண்டும். இன்று சேர்ந்தவர் இன்றே நூலகத்தையும் கூட்டத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ சங்கத்தின் பணியைக் கண்டறிந்த பின்னரே வாக்குரிமை பெறலாம். பொதுக்கூட்டத்திற்குக் குறிப்பிட்ட நாள் முன்னதாகவே வாக்காளர் பட்டியலை முடித்து, யாவரும் காண ஒட்டிவிட வேண்டும். இவ்விரண்டு விதிகளும் புதியோரைத் தடுப்பன அல்ல. அவர்களைச் சண்டைக் கருவியாக ஆக்குவதையே தடுப்பன. கல்கத்தாவில் நிகழ்ந்தது வேறிடத்தில் நிகழாதிருக்க இதுவே வழி.

இரண்டாவதாக, பதவிக்குக் கால எல்லை வேண்டும். ஆட்சிக்குழுவில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் விலகிப் புதியவர் வருவாராயின், பழைய அனுபவமும் கெடாது. புதிய குருதியும் புகும். ஃபிப்சன் இருபதாண்டு செயலாளராக இருந்து பம்பாய்ச் சங்கத்தை வளர்த்தார் என்பது உண்மை. அது அச்சங்கத்தின் நற்பேறு. நற்பேற்றை நம்பி விதி எழுதுதல் கூடாது. நல்ல செயலாளரின் கடைசிக் கடமை, தமக்குப் பின் வருவோர் ஒருவரைப் பழக்கிவிடுதலே.

மூன்றாவதாகப் பொருள். வாழ்நாள் உறுப்பினர் ஒருமுறை தரும் தொகையைக் கண்டு மயங்கி, அதை அவ்வாண்டுச் செலவிலேயே கரைத்துவிடும் சங்கங்கள் பல. அவ்வுறுப்பினர்க்கு முப்பதாண்டு இதழ் அனுப்பவேண்டிய கடன் மட்டும் எஞ்சும். ஆகவே அத்தொகையை முதலாக வைத்து வட்டியை மட்டும் செலவிடல் வேண்டும். மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் சந்தா குறைவாக இருக்கலாம். ஆனால் சந்தா குறைந்தவரின் வாக்கும் குறைந்த வாக்கு ஆதல் கூடாது. தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர் அறிந்த மொழியில் படித்துக் காட்டுதல் வேண்டும். புரியாத மொழியில் வாசிக்கப்படும் கணக்கு, வாசிக்கப்படாத கணக்கே ஆகும்.

நான்காவதாக, தொலைவையும் நேரத்தையும் மொழியையும் எண்ணுதல் வேண்டும். சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். சென்னையில் கூட்டம் கூட்டி, 'வந்தவர்க்கே வாக்கு' என்றால், தீவில் இருப்பவன் சந்தா மட்டும் செலுத்தும் உறுப்பினன் ஆவான். தபால் வாக்கு அவனையும் உறுப்பினன் ஆக்கும். இதைப்போலவே ஆலை வேலை நேரத்தில் கூடும் கூட்டம் தொழிலாளிக்கும், இரவில் நெடுநேரம் நீளும் கூட்டம் பெண்களுக்கும் கதவடைப்பதாகும். மொழியைப் பொறுத்தவரை, 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் சிறுவர்க்கென அது நடத்திய 'துளிர்' இதழும் தமிழில் பேசினாலே புதிய மக்கள் அறிவியலை நாடி வருவர் என்பதைக் காட்டியுள்ளன.

ஐந்தாவதே தலையாயது. சேர்ந்தவர்க்குச் செய்யப் பணி வேண்டும். உறுப்பினர் என்னும் சொல்லே உறுப்பு என்பதிலிருந்து வந்தது. அசையாத உறுப்பு உடலுக்குச் சுமையே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்தது. கடல்நீர் புதிதாக எந்த வயலுள் ஏறியது, எந்தப் பவளப்பாறை நீரின்றி வெளியே தெரிந்தது என்பதை முதன்முதல் கண்டவர்கள் கரையோரத்து உழவரும் மீனவருமே. அவ்வகைக் குறிப்புகளை நாளும் இடமும் அளவும் இட்டு எழுதப் பழக்கினால், அவை அறிவியலாகும். பழக்காவிடில், திண்ணைப் பேச்சாகக் கரைந்துபோகும். குறிப்பை எழுதுவோர் யாவராகவும் இருக்கலாம். அதை ஆராய்ந்து ஏற்கவோ திருப்பவோ தேர்ந்த ஆசிரியர் குழு ஒன்று வேண்டும். அக்குழுவின் முடிவில் தலைவரும் தலையிடுதல் கூடாது. நாரணையங்கார் இராமாநுஜன் கட்டுரைக்குப் பிடித்த அதே தராசைப் படகோட்டியின் குறிப்புக்கும் பேராசிரியரின் கட்டுரைக்கும் பிடித்தல் வேண்டும்.

இக்கருத்துகளை நம் நண்பர்களிடம் எடுத்துக் கூறினோம். அறிவியல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், "யாவரையும் சேர்த்தால் சங்கத்தின் மதிப்புக் குறையாதா?" என்று வினவினார். நியாயமான ஐயமே. ஆயின் சங்கத்தின் மதிப்பு அதன் பட்டியலில் உள்ள பட்டங்களால் அளக்கப்படுவதில்லை. அது வெளியிடும் குறிப்பு ஒவ்வொன்றும் நம்பத்தக்கதா என்பதாலேயே அளக்கப்படும் என்று விடை கூறினோம். அவர் முற்றும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. எனினும், ஆசிரியர் குழுவின் பொறுப்பை ஏற்க அவரே முன்வந்தார். தராசைப் பிடிக்க, ஐயுறும் கண்ணே ஏற்றதன்றோ?

முதல் விதி இப்போது இவ்வாறு நிற்கிறது: 'இத்தீவுகளின் இயற்கையைக் கவனித்து எழுத விருப்பமுள்ள எவரும், இச்சங்கத்தின் விதிகளுக்கு உடன்பட்டுச் சந்தா செலுத்தி உறுப்பினர் ஆகலாம், ஓராண்டுக்குப் பின் வாக்களிக்கலாம்.' எழுதத் தெரியாதவர் தம் குறிப்பைச் சொல்ல, மற்றோர் உறுப்பினர் எழுதித் தரலாம் என்று ஆலையில் பணியாற்றும் நண்பர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் சேர்த்தோம். இத்தகைய சிறு சங்கங்கள் ஊர்தோறும் தோன்றுதல் வேண்டும். தோன்றும்போதே அவற்றின் விதிகளைப் பொறுமையோடு எழுதிக்கொள்ளுதலும் வேண்டும். நட்பு நிலவும் நாளில் எழுதிய விதியே பிணக்கு வரும் நாளில் துணை நிற்கும்.